சிக்கனக்கா வைத்த விருந்து

சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் அந்த அக்காவிடம் போய், "அக்கா, கிலோ என்ன விலை?" என்று கேட்டேன். இஸ்திரிப் பிரிவு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. எல்லோரும் அவரை "சிக்கனக்கா" என்று கூப்பிட்டது என் காதில் "சிக்கன் அக்கா" என்றுதான் விழுந்திருந்தது. வேலை முடிந்ததும் பக்கத்தில் எங்கேயோ கோழிக்கறிக் கடை போடுகிறார் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

அக்காவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "கோழி விக்கலைம்மா. வித்திருந்தா கறியை உங்களுக்குக் குடுத்துட்டு எலும்பை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன், சூப்புக்கு" என்றார்.

சிக்கனம் என்ற சொல்லோடு அக்கா என்ற சொல் ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. பொருத்தமாக இருந்ததால் நிலைத்துவிட்டது.

ஹோட்டல்களிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு இவற்றை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவது எங்கள் வேலை. அக்கா இஸ்திரிப் பிரிவுக்குப் பொறுப்பு. பேருந்து நீளத்துக்கு ஓர் உருளை இயந்திரம் இருக்கும். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பைப் பிடித்து உள்ளே விட்டால், அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி விறைப்பாக வெளியே வரும். அங்கே நின்று இரண்டு பேர் மடிப்பார்கள். அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் அக்கா இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறார். நான் முன்வாசல் மேசையில் தொலைபேசி எடுப்பவள். எனக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுவே ஒரு தட்டிதான் தடுப்பு.

அக்காவின் சிக்கனம் ஊரறிந்தது. தீர்ந்துபோன பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து வழித்துவிடுவார். துண்டு சோப்புகளைச் சேர்த்துப் பிசைந்து ஒரு புது சோப்பு செய்வார். அதில் நாலு நிறம் இருக்கும். நான் குடையில்லாமல் நனைந்து வந்த ஒரு நாள், மறுநாளே எனக்கு ஒரு குடை கொடுத்தார். உடைந்த இரண்டு குடைகளைச் சேர்த்துச் செய்தது. கறுப்புத் துணி, சிவப்புப் பிடி. எந்தக் காற்றுக்கும் அது மடங்கியதில்லை.

ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் அக்கா. அப்பா லாரியில் கிளீனர். பதினாறு வயதில் பை தைக்கும் இடத்தில் வேலைக்குப் போனார். அவர் கல்யாணத்துக்குப் புகைப்படக்காரர் படத்துக்கு இவ்வளவு என்று கேட்டதால், ஒரே ஒரு படம்தான் எடுத்தார்கள். அதில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார். "இனிமே இப்படித்தான் இருக்கப்போறேன்னு அன்னைக்கே காட்டிட்டேன்" என்று அவர் கணவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

அந்தக் கணவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பெரிய கரண்டி. தினமும் நானூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒரே மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆனாலும் அவர் ரசம் வைத்தால் தெருவுக்கே ஊற்றலாம். ஒரு பக்கம் உப்பைக்கூட எண்ணிப் போடும் மனைவி, இன்னொரு பக்கம் அண்டாவைத் தவிர வேறு பாத்திரத்தை மதிக்காத கணவர். இவர்கள் வீட்டில் சண்டை இல்லாத நாள் இல்லை. அந்தச் சண்டையில் சிரிப்பு இல்லாத நாளும் இல்லை.

எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு ஆண்டும் கடைசி வாரத்தில் ஒரு விருந்து நடக்கும். எங்களிடம் துணி வெளுக்கும் பெரிய ஹோட்டலின் கூடத்தில்தான் நடக்கும். முதலாளி நல்ல மனிதர். அப்பா ஆரம்பித்த தொழிலை எடுத்து நடத்துகிறவர், எதற்கெடுத்தாலும் கவலைப்படுவார். எங்களுக்குப் பெரிதாக ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் அவர் அந்தக் கூடத்தைப் பிடித்தார். ஆனால் அங்கே போனால் எங்களுக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. மேசை விரிப்பு நாங்களே இஸ்திரி போட்டது. அதில் குழம்பு சிந்திவிடக் கூடாதே என்று அரை வயிறு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம். சிந்தினால் திரும்பவும் நாங்கள்தானே வெளுக்கவேண்டும்!

அந்த வருடம் அந்தப் பெரிய ஹோட்டல் எங்களை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டது. போதாததற்கு பாய்லரும் பழுதாகி ஒரு பெரிய செலவு வைத்தது. முதலாளி அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவிலும் ஒரு தட்டிதான்; எல்லாமே கேட்கும்.

"இந்த வருஷம் விருந்து வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றார் முதலாளி.

"ஏன் சார்?"

"கையில இருக்கிறது, போன வருஷம் பூ அலங்காரத்துக்கு மட்டும் குடுத்தோமே, அவ்வளவுதான். அதை வச்சு என்ன பண்றது?"

"பூ இல்லாம விருந்து வைக்கிறது" என்றார் அக்கா. "என்கிட்ட விடுங்க சார். வருஷம் பூரா இவங்க இந்த அனல்ல நிக்கிறாங்க. ஒரு நாள் உக்காந்து சாப்பிட வேண்டாமா?"

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

அக்கா வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். மற்றவர்களுக்குப் பணம் கூடினால் வரும் சந்தோஷம் அவருக்குப் பணம் குறைந்தால் வரும். அன்று மாலைத் தேநீர் நேரத்திலேயே திட்டத்தைச் சொல்லிவிட்டார். விருந்து நம் கூடத்திலேயே. ஆளுக்கு ஒரு பதார்த்தம் வீட்டிலிருந்து செய்து கொண்டுவரவேண்டும். சீட்டுக் குலுக்கிப் போட்டு, தான் எடுக்கும் சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு பரிசும் வாங்கிவரவேண்டும்.

கைதட்டினார்கள். ஆனால் அந்தக் கைதட்டலில் உயிர் இல்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை, அக்காவுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை அமைதி என் மேசைக்கு வந்தார். அமைதி என்பது பட்டப்பெயர்தான். அழுக்குத் துணி பிரிக்கும் அறையில் வேலை செய்பவர். அந்த அறை கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும். மருத்துவமனைத் துணி வருவதால் அங்கே இருப்பவர்கள் நாள் முழுக்க முகக்கவசமும் கையுறையும் போட்டிருப்பார்கள். நாலு வருடமாக அவர் அங்கே வேலை செய்கிறார். அவருடைய முழு முகத்தை எங்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை; குரலைக் கேட்டதும் அபூர்வம். தனியாளாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார் என்று மட்டும் தெரியும்.

"வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு உடம்பு சரியில்லைம்மா. லீவுன்னு போட்டுக்கோ" என்றார்.

விருந்து அந்த வெள்ளிக்கிழமைதான். பக்கத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிச் சிரித்தார். "அடேங்கப்பா, வெள்ளிக்கிழமை வரப்போற காய்ச்சல் இப்பவே சொல்லி அனுப்பியிருக்கா?"

அமைதி சிரிக்கவில்லை. கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தரையைப் பார்த்தன. "இல்லக்கா. பதார்த்தம் ஒண்ணு, பரிசு ஒண்ணு... முப்பது பேருக்கு ஆகிற மாதிரி நான் என்னத்தச் செஞ்சு கொண்டு வர்றது? வெறுங்கையோட வந்து உக்கார முடியுமா? லீவு போட்டா ஒரு நாள் கூலிதான் போகும். அது இதைவிடக் கம்மி" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்தவர் போல அவசரமாகப் போய்விட்டார்.

அக்கா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தண்ணீர் நிரம்பி வழிந்தது. ஒரு சொட்டு வீணானால் பொறுக்காத மனுஷி, குழாயை மூட மறந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"நான் பண்ணினது சிக்கனமே இல்லை" என்றார், குழாயை மூடிக்கொண்டே. "செலவைக் குறைக்கலை. இடம் மாத்தி வச்சிருக்கேன். முதலாளி தலையில இருந்து இறக்கி இவ தலையில வச்சிருக்கேன்."

அன்றைய தேநீர் நேரத்தில் அக்கா ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். "நேத்து சொன்னதெல்லாம் ரத்து. பரிசும் கிடையாது, பதார்த்தமும் கிடையாது. யாரும் எதுவும் கொண்டுவரக் கூடாது. ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தாலும் வாசல்லயே பிடுங்கிருவேன்" என்றார்.

வேன் ஓட்டும் ஹாரன் கையைத் தூக்கினார். தெருமுனையிலேயே ஆரம்பித்து வாசல்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வருவதால் அவருக்கு அந்தப் பெயர். "அப்போ என்னக்கா சாப்பிடறது? சோப்புத் தண்ணியா?"

"அது உனக்கு மட்டும். வாய் சுத்தமாகும்" என்றார் அக்கா. இந்த முறை கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

பேச்சு சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? அக்கா வீட்டுக்குப் போய், இருபத்திரண்டு வருடம் எந்தக் கையோடு சண்டை போட்டாரோ அந்தக் கையிடமே போய் நின்றார். பெரிய கரண்டி உடனே ஒத்துக்கொண்டார். பள்ளியில் கேட்டு அண்டாக்களையும் அடுப்பையும் வாங்கிக்கொள்ளலாம், விடுமுறைதானே என்றார். "எத்தனை பேரு?" என்று கேட்டார். "முப்பத்தஞ்சு" என்றார் அக்கா. அவர் முகம் வாடிப்போனதாம்.

இரண்டு நாள் கழித்து இடத்தைப் பார்க்கிறேன் என்று அவர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பு எங்கே வைப்பது என்று அளந்தார், எல்லோரிடமும் கதை பேசிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் ஹாரன் என்னிடம் வந்து, "எங்க மாமியாரையும் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், பெரிய கரண்டி ஒவ்வொருவரிடமும் "குடும்பத்தோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்!

அக்கா தொலைபேசியில் அவரைப் பிடித்த பிடியில் எனக்கே வியர்த்தது. "யாரைக் கேட்டு எல்லாரையும் கூப்பிட்டீங்க?"

அவர் குரல் எனக்கும் கேட்டது. "கோவிச்சுக்காதே. முப்பத்தஞ்சு பேருக்குச் சமைச்சா உப்பு பிடிபடாது. என் கைக்கு நூறாவது வேணும்."

"உப்பு பிடிபடலைன்னு ஊரைக் கூப்பிடற ஆளை எங்கயாவது பார்த்திருக்கியா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அக்கா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். சரிந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்க ஆரம்பித்தார். கூப்பிட்டதைத் திரும்பப் பெற முடியாது. பிள்ளைகளிடம் வராதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

வியாழக்கிழமை மாலை நானும் அக்காவும் சந்தைக்குப் போனோம், கடைகள் கட்டும் நேரம் பார்த்து. தக்காளிக் கடைக்காரர் நல்ல மனிதர் போலிருக்கிறது. "இதெல்லாம் நசுங்கினதும்மா, வேண்டாம்" என்றார். "நானும் நசுக்கத்தானே போறேன். எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றார் அக்கா. கோணல் கேரட், மேலிலை கிழிந்த முட்டைக்கோஸ், முளைவிடப் பார்க்கும் உருளைக்கிழங்கு, தொட்டால் உதிரும் அளவு பழுத்த பழம் எல்லாம் எங்கள் பைகளுக்கு வந்தன. கடைசியில் ஒரு பூசணிக்காயை யாரும் வாங்கவில்லை என்று கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். அதைத் தூக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து இடுப்பு வலிக்க, பேருந்து நிறுத்தம்வரை நடந்தோம்.

அலங்காரத்துக்கு ஒரு காசு செலவில்லை. கறைபோகாமல் ஹோட்டல்கள் தள்ளிவிடும் விரிப்புகள் எங்களிடம் மூட்டையாகக் கிடக்கும். கிழித்துத் துடைக்கும் துணியாக்குவதுதான் வழக்கம். கறைபட்ட இடத்தை வெட்டிவிட்டு, மேசைகளுக்குப் போர்த்தினார்கள். மீதியை முக்கோணமாக வெட்டிக் கயிற்றில் கோத்துக் கூரை முழுக்கக் கட்டினார்கள். துண்டுகளை மடித்து அன்னம், முயல், யானை என்று இஸ்திரிக்காரர்கள் ஒரு மிருகக்காட்சிசாலையே வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் இயந்திரங்களை நிறுத்தினோம். அந்த நிசப்தமே விசித்திரமாக இருந்தது. வருடக்கணக்காகக் கத்திப் பேசியே பழகியவர்கள், பக்கத்தில் நின்றுகொண்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கத்திவிட்டு, தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே திடுக்கிட்டார்கள்.

பிறகு குடும்பங்கள் வர ஆரம்பித்தன. பெரியவர்களுக்குத் தயக்கம். பிள்ளைகளுக்கு என்ன தயக்கம்? துணி ஏற்றும் தள்ளுவண்டிகளை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஆழமான பை வைத்த, நாலு சக்கரம் போட்ட வண்டி. ஒருவன் உள்ளே குதித்தான், இன்னொருத்தி தள்ளினாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வண்டிப் பந்தயம். முதலாளி கோட்டுப் போட்டுக்கொண்டு மனைவியோடும் சின்ன மகளோடும் வந்தார். பையில் ஒரு பேச்சு எழுதி வைத்திருந்தார். அதை எடுப்பதற்குள் மகள் ஒரு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, "அப்பா, தள்ளு!" என்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி உருளை இயந்திரத்தின் மேல் போட்டுவிட்டுத் தள்ளினார் பாருங்கள், ஹாரனையே முந்திவிட்டார். ஹாரன் வாயாலேயே ஹாரன் அடித்தும் பயனில்லை.

பூசணிக்காய் சூப்பு, அவித்து மசித்த உருளைக்கிழங்கு, காய்கறி போட்ட சோறு, பழக் கலவை. பெரிய கரண்டி அண்டாவுக்குப் பின்னால் ராஜா மாதிரி நின்றார். "அளந்து ஊத்துங்க" என்று அக்கா காதோரம் சொல்வார். "ஆமாம் ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டு நிறைய ஊற்றுவார். மேசை விரிப்பில் யார் எவ்வளவு சிந்தினாலும் கவலை இல்லை. எப்படியும் அது தள்ளுபடி விரிப்பு. நாங்கள் கை நனைய, வாய் நனைய, வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

அமைதி மூன்று பிள்ளைகளோடு வாசலில் நின்று கையை விரித்துக் காட்டினார். "பார்த்துக்கோங்க அக்கா, வெறுங்கை" என்றார். கவசம் இல்லாத அந்த முகத்தில் இரண்டு கன்னத்திலும் குழி. அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

சாப்பாடு முடியும் நேரத்தில் அமைதியின் கடைசிப் பிள்ளை, "அம்மா, அந்த மெஷின் மாதிரி பண்ணும்மா. வீட்ல பண்ணுவியே" என்று நச்சரித்தது. "சும்மா இரு" என்று அதட்டினார். அக்கா விடுவாரா? "என்னது, என்ன பண்ணுவா?" என்று பிடித்துக்கொண்டார். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அமைதி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடினார். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு சத்தம் போட்டார்.

மூன்றாம் நம்பர் துவைக்கும் இயந்திரம்! முதலில் முனகும், அப்புறம் இருமும், சுற்ற ஆரம்பித்ததும் தடதடவென்று தரையோடு நகரப் பார்க்கும். அச்சு அசல் அதேதான். பாய்லர்காரர் பதறிப்போய், "யாருப்பா அதைப் போட்டது?" என்று இயந்திரத்தைப் பார்க்க ஓடினார். அதற்கே எங்கள் வயிறு புண்ணாகிவிட்டது. அடுத்து பாய்லர் ஆவி விடுவது, ஹாரனின் வேன் பின்னால் வருவது, நான் தொலைபேசியில் "வணக்கம், சொல்லுங்க" என்று இழுப்பது, எல்லாம் வந்தன. கடைசியில் முதலாளியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். முதலாளியே, "பரவாயில்லை, பண்ணுங்க" என்றார். அமைதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடுவது போல விரலை வைத்து, "இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம்தான்..." என்று அவர் குரலில் ஆரம்பித்ததும், எல்லோருக்கும் முன்னால் முதலாளி மனைவி சிரித்து, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலு வருடமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்து இந்தப் பெண் எங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே தொலைபேசி மணி அடித்தது. அதையும் அமைதி செய்கிறார் என்று நினைத்து நான்கூடக் கைதட்டினேன். நிற்காமல் அடித்த பிறகுதான் ஓடிப்போய் எடுத்தேன்.

மருத்துவமனைத் துணிக்கிடங்குக்காரர் பேசினார். மேல்மாடிக் குழாய் உடைந்து, அடுக்கி வைத்திருந்த விரிப்புகள் மொத்தமும் நனைந்துவிட்டன. ராத்திரிக்குள் இருநூறு விரிப்பு வேண்டும். "இன்னைக்கு உங்களுக்கு லீவுன்னு தெரியும். வேற யாரைக் கேக்கிறதுன்னு தெரியலை" என்றார்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் பழையபடி கவலைக்குப் போய்விட்டது. எங்களிடம் வெளுக்க வந்திருந்த அவர்களுடைய விரிப்புகள் வெளுத்து, பிழிந்து, ஈரமாகத்தான் இருந்தன, இஸ்திரி பாக்கி. "எல்லாரையும் குடும்பத்தோட கூப்பிட்டுட்டு இப்போ வேலை செய்யுங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அக்கா அவரிடம் பேசவில்லை. நேராகக் கூடத்துக்குப் போனார். "மருத்துவமனையில படுத்திருக்கிறவங்களுக்கு விரிப்பு இல்லையாம். நான் மெஷின் போடப்போறேன். வர்றவங்க வாங்க, வராதவங்க பழம் சாப்பிடுங்க. யாரும் எதுவும் நினைச்சுக்க மாட்டாங்க" என்றார்.

பாய்லர்காரர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். இஸ்திரிப் பிரிவும் எழுந்தது. அதற்குள் பிள்ளைகள், "நாங்களும், நாங்களும்" என்று குதித்தன. "முதல்ல எல்லாரும் கை கழுவுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் முதலாளியும் அவர் மனைவியும்கூட வரிசையில் போய் நின்றார்கள். அக்கா ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தார். ஹாரனை மட்டும் திருப்பி அனுப்பினார், முழங்கையில் பூசணி இருந்தது என்று. சின்னப் பிள்ளைகளைச் சூடான இயந்திரத்துப் பக்கம் விடாமல், கூடத்தின் நடுவே கோடு கிழித்தது மாதிரி மேசைகளைப் போட்டு, தலையணை உறைகளை அடுக்கும் வேலை கொடுத்தார்.

உருளை சுற்ற ஆரம்பித்தது. அக்காவும் இன்னொருவரும் விரிப்பை விட, மறுபக்கம் கணவர்களும் மனைவிகளும் ஜோடி ஜோடியாக நின்று மடித்தார்கள். மூலைக்கு மூலை சேர்த்து, எட்டு வைத்து முன்னால் வந்து கொடுத்து, பின்னால் போய்... பார்த்தால் நடனம் மாதிரியே இருந்தது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். இயந்திரச் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. ஆனாலும் எல்லோரும் கூடவே பாடினார்கள். ஹாரனின் மாமியார் மடிப்பில் மருமகனை ஓட ஓட விரட்டினார். பெரிய கரண்டிக்கு மூலை சேரவே இல்லை. "உப்பு மாதிரிதான், நூறு மடிச்சா பிடிபடும்" என்று அக்கா கத்தினார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பையன் மேசை மேல் முழங்கையை ஊன்றி, தன் அம்மா ஈர விரிப்பை உதறி உள்ளே விடுவதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா தினமும் இதான் செய்யுதா?" என்றான். ஆமாம் என்றேன். "இவ்ளோ வேகமாவா?" என்றான். அவன் அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நானே போய்ச் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் வாசல்வரை ஓடி வழியனுப்பினார்கள். ஹாரனும் அன்று தாராளமாக அடித்தார். திரும்பி வரும்போது பக்கத்து இருக்கையில் ஒருவரைக் கூட்டிவந்தார். மருத்துவமனைத் துணிக்கிடங்குக்காரர். வருடக்கணக்காகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட குரல். நேரில் பார்த்து நன்றி சொல்ல வந்தேன் என்றவர், கூரையில் கட்டிய வெள்ளைத் தோரணங்களையும் வண்டிக்குள் சுருண்டு தூங்கிய இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததை மறந்து நின்றார். பெரிய கரண்டி அண்டாவைச் சாய்த்து வழித்து அவருக்கு ஒரு கிண்ணம் சூப்பு கொடுத்தார். முதலாளி அப்போதுதான் தன் பேச்சை எடுத்தார். பிரித்துப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் நல்லா இருங்க" என்றார். அதுதான் அவர் பேசியதிலேயே சிறந்த பேச்சு என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்த வாரத்திலிருந்து தேநீர் நேரத்தில் யாராவது கண்ணாடிச் சுவரைத் தட்டி அமைதியைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அவரும் கவசத்தைக் கழற்றி, கை கழுவிவிட்டு வந்து எங்களோடு உட்காருவார். இப்போது அந்தப் பெயர் அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

மறு வருடம் ஹோட்டல் திரும்பி வந்தது, பணமும் வந்தது. பழைய கூடத்தையே எடுக்கலாமா என்று முதலாளி கேட்டார். எல்லோரும் தள்ளுவண்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, நானும் வேண்டாம்னுதான் நினைச்சேன். அங்க வண்டி இல்லையாமே, என் பொண்ணு வரமாட்டாளாம்" என்று அவரே சிரித்தார். அக்காவிடம் போன வருடத்தைப்போல மூன்று மடங்கு பணத்தைக் கொடுத்தார்.

அக்கா அதை வாங்கி இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு விருந்து வைப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. "சார், இதுல பாதி போதும். மீதிக்கு எல்லாருக்கும் ஆளுக்கொரு நல்ல செருப்பு வாங்கிருவோமா? நாள் பூரா நிக்கிற கால்" என்றார்.

வாங்கினோம். நல்ல தடித்த செருப்பு. அக்கா கடைக்காரரிடம் பேசிப் பேசி, முப்பத்தைந்து ஜோடிக்கு ஒரு ஜோடி சும்மா வாங்கிவிட்டார். அந்த ஜோடி பெரிய கரண்டிக்குப் போனது.